ஜெயபாரதி அக்கா மாடி ஏறுவதில்லை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தில்லியின் வேலை. ஆனால் மந்தைவெளியில் எந்தச் சந்துக்குள் எந்தக் கதவு இருக்கிறது என்பது தில்லிக்குத் தெரியாது. அது வார்டு அலுவலகத்துக்குத்தான் தெரியும், அதுவும் பாதிதான். அதனால் கணக்கெடுப்பாளர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் தெருத் தெருவாக நடந்து முகவரிகளைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நான் அங்கே தற்காலிக ஊழியர். மாலையில் பி.காம். வகுப்பு. வகுப்பு முடிந்து பட்டினப்பாக்கத்துக்குப் போகும் பஸ்ஸில், அன்று பார்த்ததைக் குறித்து வைத்துக்கொள்வேன். சரியாகச் செய்தேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியும்.

எங்களிடம் இருந்த ஒரே பட்டியல் சொத்துவரிப் பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். பட்டியலில் உள்ள கட்டடம் நேரில் இருக்கிறதா, நேரில் உள்ள வீடு பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஒவ்வொரு வாசலிலும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. வீட்டுக்காரர் பழையதைச் சொல்வார், அவர் மகன் புதியதைச் சொல்வான், பலகையில் இரண்டும் அழிந்திருக்கும். ஆனாலும் அது பழகிவிட்டது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு வாசலுக்குள் எத்தனை வீடு என்பதில்.

என்னை அழைத்துப் போனவர் ஜெயபாரதி அக்கா. வார்டில் வரி வசூல் செய்பவர். இந்தத் தெருக்களில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"எத்தினி குடும்பம்னு கேக்காத. அண்ணன் தம்பி ஒண்ணாத்தான் கீறோம்பான், உள்ள பேச்சுவார்த்தையே இருக்காது. எத்தினி அடுப்புன்னு கேளு. அடுப்புல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க."

சென்சஸ் விதியும் அதுதான். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம்.

நான் உள்ளே போய் அடுப்பு எண்ணுவேன். அக்கா கேட்டிலேயே நின்றுவிடுவார். அதுவும் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி. முட்டி வலி என்று நினைத்தேன். என் அம்மாவுக்கும் முட்டி வலி உண்டு. அதனால் நான் கேட்கவில்லை.

வெங்கிடு மேஸ்திரி சந்தில் கணேசமூர்த்தி என்பவரின் வீடு இருக்கிறது. தென்காசிப் பக்கத்துக்காரர். தி.நகரில் ஜவுளிக்கடை. நாங்கள் போனபோது கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கீழ நாங்க. மேல என் தம்பி. ரெண்டு அடுப்பு. மோர் சாப்பிடுதியாம்மா?"

"மொட்டை மாடியில சார்?"

"அங்க ஜவுளிக் கட்டு போட்டு வச்சிருக்கேன். ஒண்ணுமில்ல."

எழுதிக்கொண்டேன். திரும்பும்போது மேலே பார்த்தேன். மாடிக் கொடியில் நீல நிறப் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. ஜவுளிக் கட்டு வெங்காயம் வதக்காது. அவர் ஸ்கூட்டரை எடுக்கும்வரை காத்திருந்து, நான் மேலே ஏறினேன்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரே அறை. வாசலில் பெயின்ட் வாளியில் புதினா. உள்ளே மரச் சட்டத்தில் ரவிக்கைத் துணியை இழுத்துக் கட்டி, ஓர் அம்மா ஆரிப் பூவேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே அடுப்பு.

"யாரும்மா? கேஸ் ஆபீஸா?"

"சென்சஸ் வேலைம்மா. வீடு சரிபார்க்க வந்தேன்."

அவர் பெயர் நஸ்ருன்னிசா. கணவர் வலியுல்லா ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், சாய்மா, ப்ளஸ் டூ. சொல்லும்போதே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எங்களயும் எழுதுவீங்களா? இந்த வூட்டுக்கு வந்து இத்தினி வருசத்துல கதவ தட்டி பேர் கேட்டது நீதான் மா. ஒக்காரு, டீ போடறேன்."

டீ கொதிப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம். கணேசமூர்த்தி எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"கீழ நிக்காங்கள்ல, அந்த மேடம்தான் வருசா வருசம் வரி ரசீது குடுக்காங்க. இப்ப நீ அவங்களோட வந்து சென்சஸ்ங்க. ரெண்டும் ஒரே ஆபீஸ்தானம்மா?"

"இது வரிக்கு இல்ல சார்."

"சரிம்மா." பிறகு நஸ்ருன்னிசாவிடம், "வலியுல்லா வந்தா என்னைப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். டீ வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எதையும் அரைகுறையாக விட எனக்கு மனம் வராது. புதிதாகக் கண்டுபிடித்த ஒவ்வொரு வீட்டையும் வரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கடைசிக் கட்டத்தில் எழுதிவந்தேன். இந்த வீட்டுக்கும் எழுதினேன்: மொட்டை மாடி, ஷீட் கூரை, ஒரு அடுப்பு, வரி மதிப்பீட்டில் இல்லை. எழுதி முடித்தபோது திருப்தியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்தார். காக்கிச் சட்டைப் பையில் சீப்பு.

"மாடி வூட்ட எழுதினது நீதான மா?"

"ஆமாங்க."

"நான் வலியுல்லா. ஓனர் கூப்ட்டு சொல்லிட்டாரு. கணக்கெடுக்க ஆளு வர்றதுக்கு முன்னாடி காலி பண்ணிடு பாய்னு. தப்பா பேசல, நல்லாத்தான் சொன்னாரு. மாடில ஆளு கீதுன்னு தெரிஞ்சா பிளான் கேப்பான், பழைய வருசத்துக்கெல்லாம் சேத்து வரி போடுவான்னு பயப்படறாரு." சீப்பை எடுத்தார், சீவாமல் திரும்பப் பையில் வைத்தார். "பொண்ணுக்கு பரீட்சை வருது. இந்தப் பக்கம் பாய்னு தெரிஞ்சா வூடு தர யோசிக்கறான். இவரு யோசிக்காம குடுத்தாரு. இப்ப எங்க போய் தேட?"

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் வரவில்லை.

"ஒண்ணு பண்ணு மா. எங்கள அடிச்சிடு. மாடில யாரும் இல்லன்னு போட்டுடு. எண்ணாங்காட்டி போவட்டும், இருக்க வுட்டா போதும்."

"உங்க வீட்டுல சந்தோஷப்பட்டாங்களே, பேரு எழுதினதுக்கு."

"அவ படுவா. அவளுக்கு இன்னா." ஆட்டோவில் ஏறப் போனவர் திரும்பி, "எனக்கும்தான்" என்றார்.

ஒரு பட்டனை அழுத்தினால் அந்த மாடி வீட்டின் பதிவே போய்விடும். அழுத்தினால் அவர்களுக்கு வீடு இருக்கும், ஆனால் அவர்கள் எங்கேயும் இருக்க மாட்டார்கள். அழுத்தாவிட்டால் பட்டியலில் இருப்பார்கள், வீட்டில் இருக்க மாட்டார்கள். இதில் எது சரி என்று தெரியாமலே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜெயபாரதி அக்காவின் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு என் திரையைப் பார்க்க வந்தார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னா?"

"ஒப்பிட்டுப் பாத்தேன்க்கா."

"யாரு ஒப்பிட சொன்னா?"

"யாரும் சொல்லல. பட்டியல் கையில இருந்தது, அதான்."

"பட்டியல் குடுத்தது தெரு பேரும் வாசல் நம்பரும் பாக்கறதுக்கு. நீ இன்னா பண்ணிக்கீற? சென்சஸுக்கு கேட்டத வரியோட கட்டி வச்சிக்கீற. இது மண்டல ஆபீஸுக்குப் போனா எவனோ ஒருத்தன் பிரிண்ட் எடுத்து எங்கிட்டயே குடுப்பான், போய் வரி போடுன்னு. சென்சஸ்ல சொன்னத வேற எதுக்கும் எடுக்கக் கூடாதுன்னு சட்டமே கீது. காலேஜ்ல இன்னாத்த படிக்கற?"

"கம்பெனி சட்டம்க்கா."

"நல்லா படிச்ச." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் ஏன் மேல ஏறலன்னு நினைச்ச?"

"முட்டி வலின்னு."

அவர் சிரிக்கவில்லை. "சட்டம் பேப்பருக்கு. என் கண்ணு ரெண்டு வேலைக்கும் ஒண்ணுதான தாரணி. ஒரு தடவ பாத்துட்டா, நாளைக்கு வரி புக்க தூக்கினு அதே வாசல்ல நிக்கும்போது பாக்காத மாதிரி எப்டி இருக்கறது? பாக்காம இருந்துட்டா அந்த வம்பே இல்ல. அதுக்குதான் உன்ன கூட்டினு போறேன்."

"அப்ப அந்த வீட்ட எடுத்துடவா?"

"வூட்ட தொடாத. அந்த லைன எடு. தண்ணி லாரியிலேர்ந்து பள்ளிக்கூடம் வரைக்கும் தலைய எண்ணித்தான் அனுப்பறான். எடுத்துட்டா அந்தப் பொண்ணு எந்தக் கணக்குலயும் வராது. அந்த லைன் இல்லாட்டி வூடு நிக்குமா நிக்காதா?"

"நிக்கும்."

"அப்பறம் இன்னா."

கடைசிக் கட்டத்தில் எழுதியதை மட்டும் அழித்தேன். மற்ற வீடுகளுக்கு எழுதியதையும் ஒவ்வொன்றாக அழித்தேன். நான் பார்த்தது உண்மைதானே, உண்மையை அழிக்கிறேனா என்று கை நின்றது. பிறகு, அந்த உண்மையை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன் என்று தோன்றியது. முழுச் சமாதானம் இல்லை. ஆனாலும் அழித்தேன்.

மறுநாள் காலை, கணேசமூர்த்தி கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே இருவரும் போனோம். அக்கா வழக்கம்போல் கேட்டில் நின்றார். கணேசமூர்த்திதான் வெளியே வந்தார்.

"மேடம், நான் நேரா கேட்டுடுதேன். வரிக்கும் நீங்க, சென்சஸுக்கும் நீங்க. யாரை நம்ப?"

"உங்க வீட்டு மாடிய நான் ஏறி பாத்திருக்கேனா சார்? என்னைக்காவது?"

யோசித்தார். "இல்ல."

"ஏன்னு நினைச்சீங்க?"

"முட்டி வலின்னு."

நான் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டேன்.

"எல்லாருக்கும் என் முட்டிதான் தெரியுது" என்றார் அக்கா. "சார், ஒண்ணு சொல்றேன். என்னைக்குமே வரிக்கு மாடி ஏற மாட்டேன்னு நான் சொல்லல. ஏறச் சொன்னா ஏறுவேன். அது வேற நாளு, வேற பேப்பரு. உங்களுக்கு நோட்டீஸ் குடுத்துட்டு, உங்க முன்னாடிதான் ஏறுவேன். இந்தப் பொண்ணு அடுப்பு பாத்தத அன்னைக்கு எடுத்துனு வர மாட்டேன். பாய் குடும்பத்த நீங்க அனுப்பிட்டா மட்டும் நான் ஏறாம இருந்துடுவேனா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

கணேசமூர்த்தி என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா எழுதியிருக்க? காட்டு."

தாளை நீட்டினேன். அதில் அவருடைய வாசல் மட்டும்தான் இருந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலால் கோடு பிடித்து வாசித்தார். தரைத் தளம், ஒரு சமையலறை. முதல் தளம், ஒரு சமையலறை. மொட்டை மாடி, ஒரு சமையலறை. விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. அங்கே ஒன்றும் இல்லை.

"ஷீட்டுன்னு எழுதலியே?"

"அது இதுல கேக்கல சார்."

முந்தின நாள் இதே நேரத்தில் அவர் கேட்டிருந்தால் நான் அந்தத் தாளைக் காட்டியிருக்க முடியாது. அவர் அதை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மாடியை நிமிர்ந்து பார்த்தார். கொடியில் அன்று சீருடை இல்லை. சாய்மா போட்டுக்கொண்டு போயிருப்பாள்.

"பரீட்சை முடியட்டும்னு வலியுல்லாட்ட சொல்லுதேன்" என்றார். "அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிடுங்க."

"நாங்க ஒண்ணும் கேக்கலயே சார்" என்றார் அக்கா.

கணக்கெடுப்பு தொடங்கியபோது எங்கள் பகுதிக்கு ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். சுந்தரவல்லி டீச்சர். வழிகாட்ட நாங்கள் கூடப் போனோம். எண்ணிய வீட்டு வாசலில் சென்சஸ் எண்ணைப் பட்டையாக எழுத வேண்டும். டீச்சர் கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று எண்களையும் எழுதப் போனபோது கணேசமூர்த்தி தடுத்தார்.

"கீழ ரெண்டு போதும். ரோட்டுல போறவன் எல்லாம் பாப்பான். மாடி நம்பரை மாடிக் கதவுலயே எழுதிக்கிடுங்க. புது பெயின்ட், மெல்லமா எழுதுங்க."

டீச்சர் படி ஏறினார். நான் பின்னால் ஒரு படி எடுத்து வைத்தேன்.

"நீ எங்க போற?" என்றார் அக்கா. "உன் வேலதான் முடிஞ்சிச்சே."

இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றேன். மேலே நஸ்ருன்னிசா ஒவ்வொரு பெயராக, நிறுத்தி நிறுத்திச் சொல்வது கேட்டது. வலியுல்லா. நஸ்ருன்னிசா. சாய்மா. மகளின் பெயரை டீச்சர் திருப்பிச் சொல்லச் சொன்னார் போல; இரண்டாவது முறை இன்னும் சத்தமாகச் சொன்னார். திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தெருவையே பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் இறங்கி வந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர்கள்.

"மேல அந்த அம்மா குடுத்தாங்க. இந்தப் பொண்ணுக்கு அன்னைக்கே போட்டதாம், குடிக்காமப் போயிட்டாளாம்."