ஷூ காலால் பார்த்த டைல்ஸ்

பழைய குளியலறையை இடித்த கொத்தனார், என் செருப்பின் மேலேயே சிமெண்ட் மூட்டையை இறக்கியிருந்தார். அதைப் புரட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? வெறுங்காலோடே கிளம்பிவிட்டேன். மருந்துக் கடையில் மாமனாருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் அங்கே காத்திருந்தார்.

"என்ன கோலம் இது? மானம் போகுது!"

"கால் என்னோடது. மானம் மட்டும் உங்களோடதா?"

அவர் பேச்சை மாற்றி, தான் தேர்ந்தெடுத்த வெள்ளை டைல்ஸைக் காட்டினார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. "வழுக்கவே வழுக்காது" என்று ஷூ காலால் தேய்த்தும் காட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிக்கிறவர் ஷூ போட்டுக்கொண்டா குளிப்பார்? கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றி ஏறி நின்றேன். கால் சர்ரென்று வழுக்கியது. கடைக்காரர் பிடித்திருக்காவிட்டால் முன்பல் போயிருக்கும். மூலையில் கிடந்த சாம்பல் நிறச் சொரசொரப்பு டைல்ஸையும் நனைத்து ஏறினேன். கால் அசையவில்லை.

"பார்க்க நல்லாவே இல்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"உங்கப்பா பார்க்கவா போறார்?"

போன வருடம் குளியலறையில் விழுந்ததிலிருந்து மாமனார் கதவைத் திறந்து வைத்துத்தான் குளிப்பார். வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். சாம்பல் டைல்ஸ் பதித்து வேலை முடிந்த அன்றும் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே போனவர், நனைந்த தரையில் பாதத்தைத் தேய்த்துப் பார்த்தார். திரும்பி எங்களை முறைத்தார். எங்கள் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"அங்க என்ன வேடிக்கை? போய் வேலையைப் பாருங்க!"