கிளறுவதை எப்போது நிறுத்துவது

கட்டுரை டீச்சரின் வலது கை இருபது வருடம் நிற்காமல் கிளறியது. 'கஞ்சி செய்வது எப்படி' என்ற கட்டுரையில் ஒரு மாணவி கடைசி வரியை எழுதாமல் விட்டதுதான் காரணம். அந்தக் கைக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு குணம் உண்டு. செய்முறைக் கட்டுரை எதையாவது டீச்சர் வாய்விட்டுப் படித்தால், அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யும், எழுதாததைச் செய்யாது. மனசுக்குள் படித்தால் சும்மா இருக்கும். டீச்சரின் அத்தைக்கு யாராவது பொய் சொன்னால் இடது காது சிவந்துவிடும், அதனால் வீட்டில் இந்தக் கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிட இடம் இல்லை, டீச்சரும் குறிப்பிடவில்லை.

ஆனால் பாடம் நடத்த அதைவிட நல்ல சாமான் கிடைக்காது. வருடாவருடம் செய்முறைக் கட்டுரை வரும்போது டீச்சர் ஒரு சின்ன அடுப்பையும் நாலு பாத்திரத்தையும் வகுப்புக்குக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். பிள்ளைகள் தங்கள் வீட்டில் செய்யும் ஏதாவது ஒரு சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும். டீச்சர் படிப்பார், கை செய்யும். 'முட்டையை வாணலியில் போடவும்' என்று ஒருத்தன் எழுதியிருந்தான். கை முட்டையை ஓட்டோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தது. 'ரொட்டியில் வெண்ணெய் தடவவும்' என்று எழுதியவளுக்கு, பொட்டலத்தைப் பிரிக்காமலே ரொட்டிமேல் அழுத்தி அழுத்தித் தேய்த்துக் காட்டியது. வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். எழுதினவர்களும் சிரிப்பார்கள், மறுநாள் 'பொட்டலத்தைப் பிரிக்கவும்' என்று சேர்த்து எழுதி வருவார்கள். டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "பாத்தத எழுது. பாக்காதத எழுதாத. ஜோடிச்சு எழுதினா என் கைக்குத் தெரியும்." சொன்னது மிரட்டலுக்கு இல்லை. ஒருமுறை ஒரு பையன் கேக் செய்வதைப் பற்றிப் பார்க்காமலே அளந்துவிட்டான், கை முழங்கைவரைக்கும் விறைத்துக்கொண்டு அசையவே மாட்டேன் என்றுவிட்டது.

கஞ்சிக் கட்டுரையை எழுதியவள் ஜன்னலோரம் உட்காரும் பெண். பால், ரவை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான் அந்தக் கஞ்சி. ஆனால் அப்படி ஒரு கட்டுரையை டீச்சர் அதற்குமுன் படித்ததில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் பால் நுரை கட்டுவது, ரவையை விரல் இடுக்கு வழியாகத் தூவுவது, கட்டி தட்டாமல் இருக்கக் கரண்டியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று ஒன்று விடாமல் இருந்தது. கை அவ்வளவு ஒழுங்காக, ஆசையாக வேலை செய்தது. 'விடாமல் கிளறிக்கொண்டே இருக்கவும்' என்பதோடு கட்டுரை முடிந்தது. டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"மீதி எங்கம்மா?"

"அவ்ளோதான் டீச்சர்."

"எப்ப எறக்கறது?"

"தெரியாது டீச்சர். அந்த நேரத்துக்கு அம்மா என்னப் போகச் சொல்லிருவாங்க. 'போ, போய் கிண்ணம் எடுத்துட்டு வா'ன்னு வெரட்டுவாங்க. நான் வர்றதுக்குள்ள எறக்கி வெச்சிருப்பாங்க."

"சரி, நாளைக்கு அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டு வா."

அம்மா போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று பக்கத்து பெஞ்சுப் பெண்தான் சொன்னாள். கஞ்சி கெட்டியாகி, அடிபிடித்து, செங்கல்லாகிப் புகைய ஆரம்பித்ததும் பியூன் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். பாத்திரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் கை வெறும் காற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

ஹெட்மாஸ்டர் முதலில் ஒரு தாளில் 'கிளறுவதை நிறுத்தவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்திக் கொடுத்தார். டீச்சர் சத்தமாகப் படித்தார். கை சட்டை செய்யவில்லை, கட்டுரை அவருடையது இல்லையே. பிறகு அவர் வீட்டுக்காரி வந்து, கஞ்சி கெட்டியானதும் இறக்க வேண்டியதுதான், இதில் என்ன அதிசயம் என்று அந்தப் பெண்ணை எழுதச் சொன்னாள். "அது உங்க கஞ்சி, மேடம். எங்கம்மாவுது எப்பன்னு எனக்குத் தெரியாது," என்றாள் அவள். எழுதாவிட்டால் பெயில் போட்டுவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் கத்தினார். அப்போதும் அவள் பென்சிலைத் தொடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. தான் இடைஞ்சல் என்றுதான் அம்மா துரத்தினாள், கடைசிப் பக்குவத்தைத் தனக்குக் காட்டப் பிரியமில்லை என்று அந்தப் பிள்ளை மனசில் போட்டு வைத்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். கை அவருடையதுதானே, ஒரு பொய் வரியாவது எழுதி வாங்கிப் பார்க்கலாம். டீச்சர் கிளறிக்கொண்டே சொன்னார்: "பாக்காதத எழுதாதன்னு சொன்னதே நான்தான் சார். இப்ப என் கை வலிக்குதுன்னு மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?" அந்தக் கட்டுரைக்கு இடது கையால் பத்துக்கு ஒன்பது போட்டார். அந்த ஒன்பது பார்க்கத் தூண்டில் முள் மாதிரி இருந்தது.

அதன்பிறகு வருடங்கள் ஓடின. டீச்சர் இடது கையால் எழுத, சாப்பிட, கதவு திறக்கப் பழகினார். டாக்டர் ஒரு தைலம் கொடுத்தார், கை கிளறியதில் தைலம்தான் நன்றாகக் கலந்தது. தூக்கத்திலும் கை சுற்றியதால் அந்த அறைக்கு மின்விசிறி தேவைப்படவில்லை. டீச்சரின் கணவர் பெயிண்ட் கடை வைத்திருந்தார். முதல் வாரம் வருத்தப்பட்டார், இரண்டாம் வாரம் ஒரு டின்னைத் திறந்து மனைவியின் பக்கத்தில் வைத்தார். நிறம் அப்படி ஒரு சீராக வந்தது. தெருக்கோடியிலிருந்து கூட டின்னைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். "உங்களுக்கு என் கை நிக்கணும்னு ஆசையே இல்லல்ல?" என்று டீச்சர் கேட்டால், "ஐயோ, அப்படிச் சொல்லாத, எனக்கும் வருத்தம்தான்... அந்த நீலத்த இன்னும் ரெண்டு சுத்து சுத்திரு," என்பார்.

அந்தப் பெண்ணுக்கு ஊர் 'பாதிக் கட்டுரை' என்று பெயர் வைத்தது. கல்யாணப் பேச்சில்கூட மாப்பிள்ளை வீட்டார், ஓ, அந்தப் பாதிக் கட்டுரையா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சீட்டில் எழுத்து புரியாவிட்டால் மருந்து தரமாட்டாள், டாக்டரிடமே திருப்பி அனுப்புவாள். ஒவ்வொரு வருடமும் பரீட்சை முடியும் சமயத்தில் டீச்சரைப் போய்ப் பார்ப்பாள். கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மன்னிச்சிருங்க டீச்சர்," என்பாள். "போடி, பொழப்பப் பாரு," என்பார் அவர். ஆனால் ரவையை மட்டும் அவள் வீட்டுக்குள் சேர்க்கவே இல்லை.

அவளுக்கு ஒரு மகள் பிறந்து நாலு வயதானபோது, காய்ச்சலில் கிடந்து எழுந்த குழந்தை எதைக் கொடுத்தாலும் துப்பியது. வேறு வழியில்லாமல் ரவை வாங்கி வந்தாள். கட்டுரையில் எழுதியபடியே பால் நுரை கட்டவிட்டாள், இடுக்கு வழியாகத் தூவினாள், கிளறினாள். குழந்தை எட்டிப் பார்க்க அடுப்பை ஒட்டி வந்து நின்றது. கஞ்சி கெட்டிப்பட்டு, கொப்புளம் விட்டு, பட் பட்டென்று வெளியே தெறிக்க ஆரம்பித்தது. ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்து சுட்டது. அடுத்தது குழந்தையின் கன்னத்துக்கு நேராக வரும். "போ, போய் கிண்ணம் எடுத்துட்டு வா!" என்று விரட்டினாள்.

குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனது. அவள் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மகளையும் பாலையும் ரவையையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சருக்குப் பணி ஓய்வு ஆகியிருந்தது, கைக்கு ஆகவில்லை. கைக்கு அடியிலிருந்த மஞ்சள் பெயிண்ட் டின்னை நகர்த்தி, சமையலறைக்குக் கூட்டிப்போய், அடுப்பில் பாலும் ரவையும் வைத்து, கையில் கரண்டியைக் கொடுத்தாள். பழைய கட்டுரையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்: "கஞ்சி தெறிக்க ஆரம்பிக்கும். குழந்தைமேல் பட்டால் சுடும். அதனால் குழந்தையைக் கிண்ணம் எடுத்து வர அனுப்பவும். அவள் திரும்பி வருவதற்குள் இறக்கி வைக்கவும்."

கஞ்சி தெறித்தது. கை கரண்டியை விட்டது. பக்கத்தில் நின்ற அந்த முப்பத்திரண்டு வயதுப் பெண்ணின் தோளில் வைத்து, முன்னறை அலமாரிப் பக்கம் மெல்லத் தள்ளியது.

அவள் போனாள். கிண்ணங்கள் முன்னாடியேதான் இருந்தன, ஆனாலும் எடுத்து வர நேரமானது. மகள் மட்டும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, "அம்மா அங்க நின்னு அழுறாங்க," என்று டீச்சரிடம் சொன்னது. "அழட்டும், கஞ்சி சூடாத்தான் இருக்கு," என்றார் டீச்சர். அவள் திரும்பியபோது அடுப்பு அணைந்திருந்தது, பாத்திரம் கல்மேல் இருந்தது, கை டீச்சரின் மடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது பேனாவை எடுத்து ஒன்பதை அடித்துப் பத்து என்று எழுதியது. பழக்கம் விட்டுப்போனதால் சற்றுக் கோணல்.

கணவர் பச்சை டின்னோடு உள்ளே வந்தார். "நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"ஆர்டர் ஒண்ணு பாக்கி இருக்கே..."

"குச்சி இருக்கு. நீங்களே கலக்குங்க."

அவர் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், குச்சியைத் தேடிக்கொண்டு போனார். அந்த வருடத்திலிருந்து அந்தப் பக்கத்து வீடுகளின் கதவுகள் மேலே வெளிறியும் கீழே அடர்ந்தும் இருக்கும். யாரும் குறை சொல்லவில்லை.