அருணகிரி வேண்டாம்

யாரையும் சுலபத்தில் நம்பும் வழக்கம் எனக்குக் கிடையாது. விடை சரியாக இருந்தாலும் வழிமுறையைத் துருவிப் பார்க்கிறவன் நான். கணக்கு வாத்தியாருக்கு அது நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். 1974-இல் எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்குள் ஒரு உளவாளி இருக்கிறார் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவனும் இந்தச் செங்கல்வராயன்தான்.

கல்லூரி திருவள்ளூருக்கு இரண்டு மைல் தள்ளி இருந்தது. நெல் மில் குடும்பம் ஒன்று நடத்தியது. அங்கே ஒரு வழக்கம். பெண் ஆசிரியர் யாராவது கர்ப்பமானால் ஆறாம் மாதம் பிரின்சிபால் அழைத்து உட்காரவைத்து, சோடா வரவழைத்துக் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்கிக்கொள்வார். "கொழந்த பொறந்ததும் வந்துடும்மா, எடம் உனக்குத்தான்" என்பார். அப்படிப் போன மூன்று பேரில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. சோடா செலவு மட்டும்தான் நிர்வாகத்துக்கு.

தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் கனகாம்பாளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கணவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்பு ஆலையில் ஃபிட்டர். ஆலையைப் பூட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. கனகாம்பாளின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"என் நாத்தனா மீஞ்சூர்ல கம்பெனியில பாக்கிங் வேல செய்றா சார். பிரசவத்துக்கு லீவும் குடுக்கறான், சம்பளமும் குடுக்கறான். நான் பி.எஸ்சி. படிச்சிட்டு வெள்ளத்தாளுக்குப் பயந்துகினு நிக்கிறேன்" என்று ஒரு நாள் ஆசிரியர் அறையில் அழுதுவிட்டார்.

அந்த வருஷம் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. நிர்வாகக் குழுவில் ஆசிரியர்கள் சார்பில் ஒருவர் உட்காரலாம் என்று நிர்வாகம் முதன்முறையாக ஒப்புக்கொண்டிருந்தது. பல வருஷம் தொண்டை கிழியக் கத்திக் கிடைத்த ஒரே நாற்காலி. அடுத்த மாதக் கூட்டத்தில் பிரசவ விடுப்பைக் கேட்டு வாங்கிவிட்டால் கனகாம்பாள் தப்பித்தார். அதற்கு வரலாற்றுத் துறை அருணகிரியை அனுப்புவது என்று ஆசிரியர்கள் நாங்கள் பதினோரு பேரும் பேசி முடிவு செய்திருந்தோம். மனிதர் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, விதிகளைக் கையால் பிரதி எடுத்து, தடியாக ஒரு ஃபைல் சேர்த்து வைத்திருந்தார்.

கோரிக்கையை எப்படி வைப்பது என்று பேச முதல் ரகசியக் கூட்டம் மணவாள நகரில், வணிகவியல் ஆதிகேசவன் வீட்டில் நடந்தது. மறுநாள் காலையில் வராந்தாவில் எதிர்ப்பட்ட பிரின்சிபால், "இன்னா சார், மணவாள நகர்ல நேத்து எதுனா விசேஷமா?" என்று சிரித்தார். அடுத்த கூட்டத்துக்கு இடத்தை மாற்றினோம். திருப்பாச்சூரில் சிவன் கோயில் மண்டபம். ஈ காக்கை இல்லை. மறுநாள் பிரின்சிபால் கேட்டார்: "எல்லாருக்கும் ஒரே நாள்ல வேண்டுதலா சார்?"

யாரோ சொல்கிறார்கள். யார்?

இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். திருப்பாச்சூர் யாருடைய ஊர்? அருணகிரியுடையது. போன மாதம் மழையில் நிர்வாகச் செயலாளரின் காரிலிருந்து இறங்கியது யார்? அருணகிரி. "நனைஞ்சிகினு போறேன்னு ஏத்திக்கினாரு" என்று அவர் சொன்னது அப்போது சாதாரணமாகப் பட்டது. இப்போது பார்த்தால் எல்லாமே நாறியது. இவை இரண்டையும் விடப் பெரிய அத்தாட்சி ஒன்றும் என்னிடம் இருந்தது.

கல்லூரியில் கடைசி மணி நேரம் வெளியே போவதென்றால் அனுமதிச் சீட்டு எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறை. நாங்கள் எல்லோரும் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனோம். அருணகிரி மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவார்.

"சீட்டு குடுக்காம போறாரு. ஏன்னு ஒரு வார்த்த கேக்க ஆளில்ல. நம்மள உடுவாங்களா? அவருக்கு மட்டும் இன்னா சலுகை?" என்று ஒவ்வொருவர் காதிலும் போட்டேன். கனகாம்பாள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "உங்க வயித்துல இருக்கற கொழந்தைக்காகச் சொல்றேம்மா. அருணகிரி வேணாம்." அவர் முகம் வெளுத்துப் போனது. பாவம், ஏதோ பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரு பெருமை.

ஆளை மறுபடி முடிவு செய்ய எங்களுக்குள் வைத்த தேர்தலில் அருணகிரிக்கு அவருடைய ஓட்டு ஒன்றுதான் விழுந்தது. இயற்பியல் லோகநாதன் ஜெயித்தார். லோகநாதன் வாயே திறக்க மாட்டார் என்பதுதான் அவருடைய தகுதி. பேசாதவர் எதைக் காட்டிக்கொடுப்பார்? அருணகிரி எழுந்து வந்தார். "ஃபைலயாவது எடுத்துகினு போங்கப்பா" என்று மேசைமேல் வைத்தார். அதற்குள் என்ன வினை இருக்கிறதோ என்று ஒருவரும் தொடவில்லை.

நிர்வாகக் குழு கூட இரண்டு நாள் இருக்கும்போது, தேர்வுத்தாள் விஷயமாகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் இல்லை. அட்டெண்டர் சின்னராசு மேசைக்கு அருகில் நின்று காகிதங்களைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தார். அனுமதிச் சீட்டுகள். மேலே இருந்தது என் கையெழுத்து. ஒரே தேதி, ஒரே மணி, பத்துச் சீட்டு. 'செல்லும் இடம்' என்ற இடத்தில் பத்திலும் 'திருப்பாச்சூர் கோயில்'. அதற்கடியில் இன்னொரு பத்து. 'மணவாள நகர்'.

"ஐயா சாயங்காலம் இதத்தான் மொதல்ல பாப்பாரு" என்றார் சின்னராசு. "எங்க போறோம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போறீங்க. அப்பறம் இன்னா சார் குசுகுசுன்னு பேசிக்கறீங்க?"

உட்கார்ந்துவிட்டேன். உளவாளியே இல்லை. விதியை மீறத் தெரியாத பத்து வாத்தியார்கள்தான் இருந்தோம். சீட்டு கொடுக்காத ஒரே ஆள்தான் கூட்டத்தைக் காப்பாற்றப் பார்த்தவர். அவரைத்தான் நான் துரத்தி அடித்திருக்கிறேன். பிரின்சிபால் வரும்வரை எழுந்திருக்கத் தோன்றாமல் அரைமணி நேரம் அங்கேயே கிடந்தேன்.

மறுநாள் மதியம் எல்லோரையும் கூட்டினேன். அருணகிரி தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்தார். என் தவறை ஒன்று விடாமல் சொன்னேன். லோகநாதன் விலகிக்கொள்ளத் தயார் என்றார். அவர் அந்த மாதத்தில் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அருணகிரியை ஃபைலோடு அனுப்புவோம், இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று கெஞ்சினேன்.

ஆதிகேசவன்தான் கேட்டார்: "நேத்து பிரின்சிபால் ரூம்ல அர மணி நேரம் இருந்தீங்களே, இன்னா சமாச்சாரம் சார்?"

"அதான் சொன்னேனே, அங்கதான் சீட்டப் பாத்தேன்."

"சீட்ட உங்க கண்ணுல படறாப்புல அவங்க ஏன் வெக்கணும்? நேத்து வரைக்கும் வேணாம்னீங்க. பிரின்சிபாலப் பாத்துட்டு வந்து வேணும்ன்றீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரைப் பார்த்து என்ன கேட்கிறான் என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் அது நான் கற்றுக்கொடுத்த கணக்கேதான். ஒரு வரிகூட மாற்றாமல் போட்டிருந்தார். கடைசியில் எல்லோரும் கனகாம்பாளைப் பார்த்தார்கள். வேலை போகப்போவது அவருக்குத்தானே, அவர் சொல்கிறபடி செய்யலாம் என்றார்கள்.

கனகாம்பாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊடு தேடி வந்து வேணாம்னு சொன்னதும் நீங்கதான். இப்ப வேணும்னு சொல்றதும் நீங்கதான். உங்கள யாரு சார் சொல்லச் சொன்னாங்க?"

"யாரும் இல்லம்மா. சத்தியமா யாரும் இல்ல."

"லோகநாதன் சாரே போவட்டும்" என்றார்.

லோகநாதன் போனார். ஃபைல் இல்லாமல் போனார். பிரசவ விடுப்பு பற்றி ஆரம்பித்தபோது செயலாளர், "எந்த விதியில இருக்கு, காட்டுங்க" என்று கேட்டாராம். இவர் உட்கார்ந்துவிட்டாராம். அடுத்த வாரம் கனகாம்பாளுக்குச் சோடா வந்தது.

கடைசி நாளன்று அவர் மேசை மேசையாக வந்து விடைபெற்றார். அருணகிரி எழுந்து நின்று, அந்த ஃபைலைக் கையில் கொடுத்து, கோர்ட்டுக்குப் போனால் உதவும் என்றார். கனகாம்பாள் அதைத் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டார். பிறகு ஆதிகேசவனிடம் எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம், எந்தத் தேதி சொல்லியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். நானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். நான் திரும்பி என் நாற்காலிக்குப் போகும்வரை அவர் மறுபடி வாயைத் திறக்கவில்லை.