வயோமிங்கில் வைத்த பெயர்

நியூ ஜெர்சியின் எடிசனில் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிய சில நாட்களில், வயோமிங்கில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போடச் செழியன் காரை நிறுத்தினான். திங்கட்கிழமை மேற்குக் கரையில் குபெர்டினோவில் புது வேலையில் சேர வேண்டும். மனைவி சண்முகப்ரியா வழி நெடுகப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏப்ரலில் பிறந்து, இரண்டே நாளில் போய்விட்ட மகன் நியூ ஜெர்சி மண்ணுக்குள் இருந்தான். அவனைத் தனியே விட்டுவிட்டு ஓடுவதாகத்தான் அவளுக்குப் பட்டது.

ஈரோட்டிலிருந்து மாமியார் மரகதம் போனிலேயே சொல்லிவிட்டாள். "பச்சக் கொழந்தைக்குக் கல்லு வெக்கக் கூடாது, பேரு வெக்கக் கூடாது. அங்க போய்ப் பாக்கவும் கூடாது கண்ணு. அப்பத்தான் அடுத்தது தங்கும்."

செழியன் அதற்குத் தலையாட்டியிருந்தான். புல் மூடிவிட்டால் இடம்கூடத் தெரியாது.

கேஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கூண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. நீளப் பாவாடையும் துணித் தொப்பியும் அணிந்த பெண்கள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன், ஊர்க்காரர்கள் வீடுகளைக் கொளுத்தித் துரத்தியதால், தங்கள் நம்பிக்கையோடு நிம்மதியாக வாழ ஓர் இடம் தேடி மார்மன்கள் என்ற கிறிஸ்துவப் பிரிவினர் மேற்கே போன பாதை அது. அவர்களுடைய வாரிசுகள் அதே வழியில் மறுபடி நடக்கிறார்களாம்.

"சினிமா ஷூட்டிங்னு நெனச்சேன்," என்றான் செழியன். அவள் சிரிக்கவில்லை.

வெயிலில் முகம் சிவந்த ஒருத்தி குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். ப்ரியாவின் வயதுதான் இருக்கும். அவள் மேலங்கியில் 'ரூத்' என்று நூலால் தைத்திருந்தது.

"உங்கள் பெயரா?" என்று ப்ரியா ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லையாம். அவளுடைய எள்ளுப்பாட்டிக்கு அக்கா. வழியில் காய்ச்சலில் இறந்த குழந்தை. ஓநாய்கள் தோண்டிவிடக் கூடாதென்று, புதைத்த இடத்தின் மேலேயே எல்லா வண்டிகளையும் ஓட்டித் தடத்தை அழித்துவிட்டார்கள். எந்த இடம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும்தான் மிச்சம்.

அவள் போனபின் ப்ரியா கணவனிடம் வந்தாள்.

"ஏங்க, எடத்த அழிக்க அவங்களுக்கு ஓநாய் இருந்துச்சு. நமக்கு என்னங்க இருந்துச்சு?"

செழியனுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா சொன்னாங்க ப்ரியா..."

"அத்தை ஈரோட்டுல இருக்காங்க. அவன் அங்க தனியாக் கெடக்கான். கல்லு ஆர்டர் பண்ணுங்க. இல்லன்னா நீங்க மட்டும் போய் ஜாயின் பண்ணுங்க. நான் இதுக்கு மேல வரல."

"என்ன பேரு போடறது? நாம பேரே வெக்கலையே."

"நீங்க வெச்சிருந்தீங்க. ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு வெளிய நின்னு கூப்பிட்டீங்க. ஒதடு அசைஞ்சுது, பாத்தேன். என்ன பேருன்னுதான் தெரியல."

அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"முகிலன்," என்றான்.

காசு போட்டுப் பேசும் போனிலிருந்து கல்லறைத் தோட்டத்து ஆபீஸைக் கூப்பிட்டார்கள். செழியன் விவரம் சொன்னான். பெயரைக் கேட்டார்கள். "நீயே சொல்லு," என்று ரிசீவரைக் கொடுத்தான்.

மடியில் போட்டுக்கொண்டு காதோடு காதாகச் சொல்ல வேண்டிய பெயரை, லாரி இரைச்சலுக்கு நடுவே அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினாள். மறுமுனையில் பிறந்த தேதியைக் கேட்டார்கள். சொன்னாள். அடுத்த தேதியைக் கேட்டார்கள்.

ப்ரியா ரிசீவரைக் கணவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.