ஆயுத பூஜையில் ஓடிய கடல்

மெயின் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் தாட்சாயிணி நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஃபோர்மேன் நாகப்பன், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. மணி ஒன்பதே கால். பத்தரைக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதற்குள் பூஜை முடிந்தாக வேண்டும். மெயினை அணைக்காமல் ஆயுத பூஜை போட்டதாக அம்பத்தூர் எஸ்டேட்டில் சரித்திரமே கிடையாது.

அணைத்தால் அவளுடைய கடல் நின்றுவிடும்.

தாட்சாயிணி கொரட்டூர்க்காரி. ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பத்தில் பிறந்து, கடல் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவள். அவள் கடலில் கால் நனைத்தது குறைவு, கணக்கில் முங்கியதுதான் அதிகம். வங்கக் கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று என்ன செய்யும், நீரோட்டம் எங்கே திரும்பும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. அடிக்கடலின் குளிர்ந்த நீர் எங்கே மேலே வருகிறதோ அங்கே கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். பாசி இருந்தால் மீன் இருக்கும். அந்த இடம் கடலூருக்குக் கிழக்கே என்றாள் அவள். இல்லை, வடக்கே என்றார் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு மேலே இருந்த ஒருவர். நவம்பரில் ஆராய்ச்சிக் கப்பல் நான்கே நாள் கிடைக்கும். புதன்கிழமை கமிட்டியில் யார் கணக்கு நிற்கிறதோ அந்தப் பக்கம் அது போகும். அவள் மூன்று வருஷமாகக் காத்திருந்த கப்பல்.

நிலையத்துக் கம்ப்யூட்டரில் அவளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு ஆறு மணி நேரம். அதனால்தான் பெரியப்பா மகன் சம்பத்தின் லேத் பட்டறைக்கு வந்தாள். தொண்ணூற்றிரண்டில் கம்ப்யூட்டர் வாங்கிய பட்டறைகள் அந்தத் தெருவில் இரண்டுதான். பூஜை லீவுதானே, ஓட்டிக்கோ என்று சம்பத் வாய் நிறையச் சொல்லிவிட்டான். பூஜையன்று மெயினை அணைப்பார்கள் என்பது முதலாளிக்கு ஞாபகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்த கணக்கு செவ்வாய் சாயங்காலம் முடியும். இன்று திங்கள். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

இப்போது மாலை வாங்கி வருகிறேன் என்று சம்பத் நழுவிவிட்டான். பட்டறைக்குள் நாற்பது பேர், பெண்டாட்டி பிள்ளைகளோடு, புதுத்துணியில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். துடைத்து விபூதிப் பட்டை போட்ட லேத்துகளின் மேல் வாழைக்கன்றுகள் வாட ஆரம்பித்திருந்தன.

கடலுக்கு லீவு கிடையாது என்று சொல்லிப் பார்த்தாள் தாட்சாயிணி. அப்படியானால் அதைக் கடலிலேயே ஓட்டிக்கொள்ளலாமே என்றார் நாகப்பன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

"வேற கம்பெனிமா. இதே நாளு. அர்ஜெண்ட் ஆர்டரு, பிரஸ்ஸை ஓட்டுன்னாங்க. ஓட்டுனேன். லைன்ல கரண்ட் கீதுன்னா எம் பசங்க இன்னிக்கு மெஷின் கிட்ட வரமாட்டானுங்க. நானும் வரச்சொல்ல மாட்டேன்."

அவள் நகரவில்லை. ஒன்பதே முக்கால் ஆயிற்று. ஒரு குழந்தை பொரிக்கு அழுதது. படித்த பொண்ணுக்கு இவ்வளவு அடம் ஆகாது என்று ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள்.

"அண்ணே, இது நின்னா எனக்குக் கப்பல் கிடைக்காது. மூணு வருஷம் போயிடும்," என்றாள் தாட்சாயிணி. சொல்லும்போது குரல் உடைந்தது. அதற்காக அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

நாகப்பன் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, மெயின் இருக்கட்டும், அப்படியே பூஜை போடுவோம், பாவம் வந்தால் தன் தலையில் வரட்டும் என்றார். கூட்டம் முணுமுணுத்தது. அவர் சொன்னால் சொன்னதுதான்.

போன உயிர் திரும்பி வந்தவளாக அவள் கண்ணாடி அறைக்குள் இருந்த திரையைப் பார்த்தாள். காலை எட்டு மணிக்குக் கடலின் சூடு இருபத்தெட்டு டிகிரி சொச்சம். இப்போது முப்பத்தாறு. அடுத்த வரி நாற்பத்து நான்கு. அதற்கடுத்த வரி எழுபது.

எந்தக் கடலும் எழுபது டிகிரிக்குச் சூடாகாது. கணக்கு வெடித்துவிட்டது. ஏன் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துபோயிற்று. கடலின் நேரத்தை அடிக்கு அரை மணியாக நடந்து கடக்க வேண்டிய கணக்கை, புதன்கிழமைக்குள் முடிக்கவேண்டும் என்று அடிக்கு ஒரு மணியாகத் தாண்டவிட்டிருந்தாள். தாங்கும் என்று நினைத்தாள். தாங்கவில்லை.

"வேணாம்ணே. நிறுத்திடலாம்," என்றாள். தன் கையாலேயே மெயினைக் கீழே இழுத்தாள்.

காரணம் யாரும் கேட்கவில்லை. நாகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மணியடித்தது, கற்பூரம் எரிந்தது. தட்டை அவர் முதலில் அவளிடம்தான் கொண்டுவந்தார். அவர் மனைவி கெங்கம்மாள் தன் கொண்டையிலிருந்த மல்லிகையைப் பாதி கிள்ளி அவள் தலையில் வைத்து, எங்களுக்காக வுட்டுக் குடுத்தியே, நீ நல்லா இருப்பே என்றாள். தாட்சாயிணி வாயைத் திறக்கவில்லை. அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் கேவலம்.

பூசணிக்காய் உடையும் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் சம்பத். நடந்ததைக் கேட்டதும் அவனுக்குக் குற்ற உணர்ச்சி பொங்கிற்று. தொழிலாளர்கள் பூஜைக்காக மின்சாரத்தை நிறுத்தியதால் கணக்கு பாழாயிற்று, டாக்டர் தாட்சாயிணி மேல் தவறில்லை என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் டைப் அடித்துக் கொடுத்தான். கமிட்டி இரக்கப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போடும் என்றான். தள்ளிப்போடும்தான். அவளுக்கு அது தெரியும். கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

கீழே இரண்டு கையெழுத்து இருந்தது. ஒன்று சம்பத்துடையது. இன்னொன்று மூன்று விரலால் போட்டது, நாகப்பன், ஃபோர்மேன்.

"இவரு எதுக்கு?" என்றாள்.

மெயினை அணைக்கச் சொன்னது தான்தான் என்று நாகப்பனே முன்வந்து போட்டார் என்றான் சம்பத்.

அவள் நேராக நாகப்பனிடம் போனாள். அவர் இலையில் பொரி கடலை பங்கு வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நீங்க யாரும் கெடுக்கல. நான் நிறுத்தறதுக்கு முன்னாடியே அது கெட்டுப்போச்சு. தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்."

அவர் கை நின்றது. முகம் கறுத்தது. "எங்கிட்ட சொல்லாத. அவங்க கால் கடுக்க நின்னாங்க. அங்க சொல்லு."

போதும், விடு என்று சம்பத் அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டு நாற்பது பேருக்கு முன்னால் நின்று சொன்னாள். அவசரத்தில் செய்த தவறு தன்னுடையது, நல்ல பேர் வாங்கிக்கொண்டது அதைவிடப் பெரிய தவறு என்று சொன்னாள். கெங்கம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கடிதத்தை நான்காகக் கிழித்து அவள் வெளியே போகும்போது பின்னாலிருந்து நாகப்பன் கேட்டார்.

"ஃபீடை ஏத்தி வுட்டியா?"

லேத்தில் டூலை அவசரமாகத் தள்ளினால் அது அதிர்ந்து உடைந்துபோகும். அதைத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்றாள்.

"பாதியாக் கொறச்சா எத்தினி நாளு?"

"எட்டு."

"நாளைக்கு விஜயதசமி. காலையில வந்து ஆரம்பி."

"புதன்கிழமைக்குள்ள முடியாதுண்ணே. கப்பல் போயிடும்."

"கப்பல் பூட்டா கடலும் பூடுமா?" என்றார் நாகப்பன். கோபம் தீராமல், அவள் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார்.

புதன்கிழமை, கரண்ட் தகராறா என்று கமிட்டித் தலைவர் பரிவாகவே கேட்டார். இல்லை, தவறு என்னுடையது என்றாள். ஐந்தே நிமிஷத்தில் கப்பல் வடக்கே போவதென்று முடிவாயிற்று. சென்ட்ரலில் ரயிலேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் அழுதாள். கொரட்டூர் வந்தது. வீடு அங்கேதான். இறங்காமல் அம்பத்தூர் வரை போனாள். பட்டறையில், செவ்வாய் காலை அவள் மறுபடி ஆரம்பித்த கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முடிய இன்னும் ஆறரை நாள் இருந்தது.