எழுதாத டிக்கெட்

வாசகர்கள் எல்லாரும் சௌக்கியமா? கால்வலி, இருமல் எல்லாம் எப்படி இருக்கிறது? எங்கள் ஊர் ஜாசினில் ஒரு வாரமாக மழை. அந்த மழையில்தான் மங்களம் பக்கத்து ஊரான பெம்பானிலிருந்து பஸ் ஏறி வந்து, நனைந்த சேலையைப் பிழிந்துவிட்டு, கோயில் அர்ச்சனை கவுண்டரில் நின்றாள். மூன்று வருடமாக ஒரு வெள்ளிக்கிழமையும் தப்பியதில்லை. எப்போதும் ஒரே டிக்கெட்: மகள் பெயர் அகல்யா, நட்சத்திரம் மகம்.

உண்மையில் மகள் பிறந்தது ஆயில்யத்தில். அந்த நட்சத்திரக்காரி மருமகளாய் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். புருஷன் இல்லாமல் வளர்த்த பிள்ளைக்கு வரன் தட்டிப்போகக் கூடாதே என்று, பிறந்த நேரத்தைச் சில மணி நேரம் தள்ளி மகம் என்று ஜாதகம் எழுத வைத்தாள் மங்களம். மகளிடமும் சொல்லவில்லை. பிறப்புப் பத்திரத்தில் நேரமும் அச்சாகியிருப்பது மட்டும் அவளுக்கு நினைவில்லாமல் போயிற்று. கல்யாணமான ஏழாம் மாதம் சம்பந்தியம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். அந்த வீட்டில் யாரோ பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள்; அதிலிருந்த நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஆயில்யம் வந்தது.

அகல்யா போனில் அழக்கூட இல்லை. "மாமிக்கு ஸ்ட்ரோக் வந்தது என்னால இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா நீங்க அத நம்புறீங்க லா. நம்புனதாலதான மறைச்சீங்க." மூன்று வருடத்துக்கு முன் அதுதான் கடைசிப் பேச்சு. புக்கிட் பெருவாங் ஒன்றும் தூரமில்லை. மங்களம் இரண்டு முறை போனாள்; கேட் திறக்கவில்லை.

இன்று கவுண்டரில் டிக்கெட் எழுதும் உஷாராணி பேனாவை எடுக்காமல் சொன்னாள். "அக்கா, போன ஞாயித்துக்கெழம ஒங்க மக வந்துச்சு லா. பச்சப்புள்ளய தூக்கிக்கிட்டு."

மங்களத்தின் கை பலகையைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையா? யாரும் சொல்லவில்லையே.

"நா பழக்கத்துல மகம்னு எழுதிட்டேன். 'ஆயில்யம் ஆண்ட்டி, அழிச்சு எழுதுங்க'ன்னு லைன்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுச்சு. எதுதான்க்கா சரி?"

பின்னால் நின்ற முனியம்மா குடையை மடக்குவதை நிறுத்திவிட்டாள். சம்பந்தி வீட்டுத் தெருக்காரி அவள்.

"புள்ள ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள் மங்களம்.

"பொண்ணு. பேரு என்னமோ மாடர்னா, வாயில நொழையல. நச்சத்திரமும் மறந்துட்டேன்க்கா, அன்னைக்கு செம கூட்டம்."

"எம்பேருக்கு ஏதாச்சும்..."

உஷாராணி டிக்கெட் கட்டின் ரப்பர் பேண்டைச் சரிசெய்தாள். "மூணு டிக்கெட்தான்க்கா எடுத்துச்சு. அது, புருஷன், புள்ள."

இத்தனை வெள்ளிக்கிழமையும் மங்களம் வேறு எவளோ ஒரு மகத்துக்காரிக்குத்தான் தேங்காய் உடைத்திருக்கிறாள்.

"ரெண்டு டிக்கெட் குடு. மொதல்ல அகல்யா, ஆயில்யம்னு எழுது."

"என்னா மங்களம், மகம்னுதான கல்யாணத்துல சொன்னீங்க?" முனியம்மா விடவில்லை.

"ஆயில்யம்க்கா. நாந்தான் மாத்திச் சொன்னேன். அப்ப அந்தப் புள்ளைக்கே தெரியாது." சொன்ன பிறகும் மனப்பாரம் குறையவில்லை.

"ரெண்டாவதுல என்னா எழுத?" என்றாள் உஷாராணி.

"சும்மா குடு."

சன்னதியில் குருக்கள் முதல் டிக்கெட்டைப் படித்துவிட்டு, இரண்டாவதை முன்னும் பின்னும் திருப்பினார். "பேரு?"

"எனக்கு இன்னும் சொல்லல சாமி."

அவர் அதைத் தட்டில் வெற்றிலை மேல் வைத்தார். சாரல் காற்றில் அந்த வெள்ளைத் தாள் படபடத்தது. பறந்துவிடாமல், மங்களம் அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உங்களிலும் இப்படி நின்றவர்கள் இருப்பீர்கள். என்ன பெயர் சொல்லி வேண்டினீர்கள் என்று எழுதுங்கள்.