நாலாவது தந்தி

மூன்றாவது தந்தியைப் பார்த்துவிட்டுச் செலின் திருச்சியிலிருந்து விழுந்தடித்து வந்தபோது, சாகக் கிடக்க வேண்டிய அவள் அம்மா சவரியம்மாள் கொல்லையில் உட்கார்ந்து கோழிக்கறிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். மகள் வந்ததும் முகத்தைச் சோர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் இருந்தாள். பெற்ற வயிறு கேட்குமா? பெட்டியும் கையுமாகப் பிள்ளை நின்றதைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. செலின் ஒன்றும் கேட்கவில்லை. கோழியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பெட்டியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று சவரியம்மாள் ஆரம்பிக்கவில்லை. செலின் இண்டர்மீடியட் படிக்கத் திருச்சி கன்னியர் மடத்துக்குப் போன முதல் வருஷம், தோட்டத்தில் திராட்சை பழுத்துத் தொங்கியது. பிள்ளை தின்னாத பழம் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கம்பம் தபால் ஆபீசுக்குப் போய், பழம் பழுத்துவிட்டது, வரச்சொல்லித் தந்தி கொடுங்கள் என்றாள். தந்தி அடிக்கிற நல்லகண்ணு சிரித்துவிட்டார். திராட்சைக்கெல்லாம் கன்னியர் லீவு தருவார்களா, சாவுக்குத்தான் தருவார்கள் என்று சொல்லி, அதற்கென்றே அவர் கைவசம் வைத்திருந்த இங்கிலீஷ் வாசகத்தை அடித்துவிட்டார். மதர் சீரியஸ். செலின் மறுநாளே வந்து நின்றாள். இரண்டாவது தந்தி சவேரியார் கோயில் திருவிழாவுக்காக. மருந்து நன்றாக வேலை செய்தது என்றால் யார்தான் இன்னொரு வேளை குடிக்காமல் இருப்பார்கள்?

இதற்கிடையில் கொழும்பு வந்து சேர்ந்தது. செலின் பி.எஸ்ஸி. படிக்கப் போகிறாளாம். அதுவும் கடல் தாண்டிக் கொழும்புக்கு. அங்கேயே உட்கார்ந்து லண்டன் பட்டத்துக்குப் படிக்கலாமாம், தங்குவதற்குத் திருச்சிக் கன்னியருக்குத் தெரிந்த விடுதி இருக்கிறதாம். சுருளிப்பட்டிச் சாலையில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு இதுவே ஒரு மாதத்துக்குப் பேச்சாயிற்று. திருச்சியில் காலேஜ் இல்லையா, மெட்ராசில் இல்லையா என்றார்கள். கன்னியாஸ்திரீ ஆகப் போகிறாள் என்றார்கள் சிலர். வெள்ளைக்காரச் சட்டை போட ஆசை என்றார்கள் சிலர். செலினும் ஆளுக்கொரு காரணம் சொன்னாள். அப்பா இருதயத்திடம் லண்டன் பட்டத்துக்கு மதிப்பு அதிகம் என்றாள். பங்குச் சாமியாரிடம் அங்கே விடுதி ஒழுங்கானது என்றாள். அம்மாவிடம், செடிகொடிப் படிப்பு அங்கே நன்றாக இருக்கும் என்றாள். செடிகொடி இங்கன இல்லாததா என்று கேட்டாள் சவரியம்மாள்.

மகள் பொய் சொல்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாம்பின் கால் பாம்பறியும். தன்னைவிட்டு ஓடத்தான் பார்க்கிறாள் என்று எண்ணி எண்ணிக் குமைந்தாள். அதனால்தான் மூன்றாவது தந்தி. இந்தத் தடவை கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன் மகன் ஆரோக்கியசெல்வம். தோட்டமும் பாடுமாக இருக்கிறவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். மாமன் மகனைக் கட்டுவதற்குச் சாமியாருக்கும் மேலே மேற்றிராணியாரிடம் உத்தரவு வாங்க வேண்டும், அதையும் முன்னமே வாங்கியாயிற்று. சாமியார் செலினைத் தனியாகக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்டார். அம்மா சொன்னால் சரி, சாமி என்றாள் அவள். அடுத்த ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவீர்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது வழக்கம். யாரும் ஒன்றும் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று.

அன்று மத்தியானம் தாயும் மகளும் பந்தல் நிழலில் உட்கார்ந்து, சந்தைக்குப் போகிற திராட்சைக் குலைகளில் அழுகல் பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை போடாத மகளோடு இருப்பது சவரியம்மாளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அழுதிருந்தால் அதட்டியிருப்பாள். முறைத்திருந்தால் கெஞ்சியிருப்பாள். இவளோ குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கத்தரித்துக்கொண்டே இருந்தாள்.

"கொழும்பு கொழும்புன்னு நின்னியே, இப்ப ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறியே ஆத்தா. ஆசை அம்புட்டுத்தானா?" என்றாள் சவரியம்மாள்.

செலின் தலை நிமிராமலே சொன்னாள். "தந்தி பொய்யின்னு எனக்குத் தெரியும்மா. ரெண்டாவதுக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ஓடியாந்த?"

"ஒருவேளை நெசமா இருந்துட்டா?"

சவரியம்மாளுக்குக் கத்தரி கையில் நின்றுவிட்டது.

"நீ கூப்பிட்டா எனக்கு நிக்கத் தெரியலம்மா. திருச்சியில இருந்தாலும் வந்துருவேன், மெட்ராசுல இருந்தாலும் வந்துருவேன். நடுவுல ஒரு கடல் கெடந்தாத்தான் நான் படிச்சு முடிப்பேன். அதான் கொழும்பு. வேற ஒண்ணும் இல்ல."

குரலில் கோபம் இல்லை. இந்தக் குலை மட்டம், அந்தக் குலை நயம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஓடிப்போகப் பார்க்கிறாள் என்று நினைத்தோமே, ஓடி ஓடி வருகிறவள் அல்லவா இவள் என்று சவரியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. திருச்சியில் ரயில் ஏறி, மதுரையில் மாறி, தேனியில் இறங்கி, பஸ் பிடித்து, வழியெல்லாம் அம்மா செத்திருப்பாளோ செத்திருப்பாளோ என்று சுமந்துகொண்டு வந்திருக்கிறது பிள்ளை. வந்து பார்த்தால் கோழிக்கறி. அன்றைக்குக்கூட வாயைத் திறந்து ஒரு சொல் கேட்கவில்லையே! இப்படி ஒரு மகளைக் கொடுத்ததற்கு மாதாவுக்கு என்ன செய்து தீர்ப்பது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பழத்தின் சாறு கண்ணில் பட்டுவிட்டதாகச் சொல்லி எழுந்து போனாள்.

மூன்றாவது ஞாயிறு. சாமியார் ஓலையை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று வழக்கம்போல முடித்து, தாளை மடிக்கப் போனார். பெண்கள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவிலிருந்து சவரியம்மாள் முக்காட்டைச் சரிசெய்தபடி எழுந்தாள். கோயிலுக்குள் பொம்பளைக் குரல் பாட்டில்தான் கேட்கும், பேச்சில் கேட்காது.

"தடை இருக்கு சாமி" என்றாள். "பெத்தவதான் தடை. பொய்த் தந்தி கொடுத்துப் பிள்ளையக் கூட்டியாந்தேன். அது எனக்காகத்தான் சரின்னு சொல்லுச்சு. அதுக்குப் படிக்கணும்."

மடிக்கப் போன தாளைச் சாமியார் அப்படியே பலிபீடத்தில் வைத்தார். ஆண்கள் பக்கத்தில் ஆரோக்கியசெல்வம்தான் முதலில் பெருமூச்சு விட்டான். செலினுடைய முகத்தை இரண்டு ஞாயிறாகப் பார்த்தவன் அவன். சவரியம்மாளின் அண்ணன் அதற்கப்புறம் ஒரு வருஷம் தங்கை வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஊர் வாயை உலைமூடி கொண்டா மூட முடியும்? ஆனால் செலின் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று, அவள் பெட்டியைத் தன் வண்டியில் ஏற்றிக் கம்பத்துக்குக் கொண்டுபோய் பஸ்ஸில் வைத்தவன் ஆரோக்கியசெல்வம். அத்தை, அழாதீக, அங்கன அவ நல்லா இருப்பா என்று அவன்தான் தேற்றினான். அந்த ஒரு சொல்லுக்கு அவனைக் கும்பிடத் தோன்றியது சவரியம்மாளுக்கு.

ஒரு வருஷம் போயிற்று. தந்தி எதுவும் போகவில்லை. மறு கோடையில் சவரியம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. மலைக்காய்ச்சல், அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்துவிட்டுப் போவது. கொயினா மாத்திரைக்கு அடங்குவதும் திரும்ப ஏறுவதுமாக இருந்தது. புருஷன் இருதயம் பயந்துபோனார். மனைவிக்குச் சொல்லாமல் மகளுக்குக் கார்டு போட்டுவிட்டு, தபாலில் சேர்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

செலினுக்குப் பரீட்சை வருகிற வாரம். அது சவரியம்மாளுக்குத் தெரியும். கார்டு கடல் தாண்டிப் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும், அதைப் படித்த கையோடு பிள்ளை புறப்பட்டுவிடும் என்பதும் தெரியும். கடலாவது ஒன்றாவது, நீந்திக்கூட வந்துவிடும். கார்டை முந்திக்கொண்டு போவதற்கு ஒன்றுதான் உண்டு, தந்தி; தேதி பிந்திய தந்தி கையில் இருந்தால் கார்டு பழைய சேதியாகிவிடும். அவள் ஆரோக்கியசெல்வத்துக்கு ஆள் அனுப்பி வண்டி பூட்டச் சொன்னாள். இருதயம் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கம்பத்துக்குப் போய் இறங்கினாள்.

நல்லகண்ணு அவளைக் கண்டதுமே தந்திப் பாரத்தை எடுத்தார். "அதே வாசகந்தானா ஆத்தா?"

"இல்லய்யா. அம்மா சௌக்கியம்னு போடுங்க. பரீட்சைய நல்லா எழுதுன்னு போடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கம்பளிக்குள் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "சௌக்கியம்னு யாரு ஆத்தா தந்தி கொடுப்பாக? கைய வெளிய நீட்டக்கூட முடியலையே உன்னால."

"போடுங்கய்யா. நீங்களும் நானும் புதுசாவா பொய் அடிக்கிறோம்?"

நல்லகண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாரத்தை எழுதினார். சவரியம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மா கொடுக்கிற தந்தி பொய் என்று செலினுக்குத் தெரியும். இதையும் நம்ப மாட்டாள். பெட்டியைக் கூட எடுத்து வைப்பாள். எடுத்து வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள். ஒருவேளை நெசமா இருந்துட்டா என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு நினைப்பு வருமே, அது இந்த ஒரு தடவை வரட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டாள். அந்த நினைப்பு வந்தால் பிள்ளை பரீட்சைக்குப் போய்விடும்.

உள்ளே தந்திக் கட்டை கட்டுக் கட்டு என்று அடிக்கத் தொடங்கியது. குளிரில் அவள் பல்லும் அதே மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் கூடவே கொழும்புக்குப் போய்விடுமோ என்று பயந்தவளைப் போல, கம்பளி ஓரத்தைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.